பார்வைக் கவுதாரி

பெரியப்பா வீட்டுத் திண்ணையில் எப்போதும் ஒரு கூண்டு தொங்கும். மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டிய கூண்டு. மேலே பழைய வேட்டியில் தைத்த உறை. உள்ளே ஒரு சேவல் கவுதாரி. மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில், விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். செம்மண் கொல்லைகள், முந்திரி, மல்லாட்டை, நடுநடுவே யாரும் உழாத முள்காடு. பெரியப்பா விருத்தாசலத்தில் ஒரு செராமிக் சூளையில் வேலை பார்த்தார். விரிசல் விட்டது என்று சூளையில் ஒதுக்கிப் போட்ட பீங்கான் கிண்ணம் ஒன்றில்தான் அந்தக் கவுதாரி தண்ணி குடிக்கும்.

களை வெட்டும்போது மல்லாட்டைக் கொல்லையில் குஞ்சாகக் கிடைத்ததாம் அது. உள்ளங்கை அளவுகூட இல்லை. அதைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். கவுதாரிக் குஞ்சுக்குக் கறையான் வேண்டும். பழைய மண்பானையில் காய்ந்த சாணியையும் சோளத்தட்டையும் திணித்து, தண்ணி தெளித்து, புற்று இருக்கிற இடமாகப் பார்த்து ராத்திரி கவிழ்த்து வைப்பார். விடிகாலையில் போய்ப் பானையைத் தூக்கினால் உள்ளே கறையான் அப்பிக்கொண்டிருக்கும். அதைத் தட்டித் தட்டிக் குஞ்சின் முன்னால் போடுவார். தன் பிள்ளைகளுக்கு அவர் ஒரு வாய் சோறு ஊட்டி நான் பார்த்ததில்லை. பெரியம்மா இதைச் சொல்லிக் காட்டும்போதெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தக் கவுதாரியை அவர் வளர்த்தது அழகுக்கு இல்லை. மற்ற கவுதாரிகளைப் பிடிப்பதற்கு.

எனக்குப் பதினோரு வயசு இருக்கும்போது ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். தொண்ணூறுகளின் கடைசி. இன்னும் இருட்டு பிரியவில்லை. முள்காட்டு ஓரத்தில் கூண்டை வைத்து, சுற்றிலும் தழை ஒடித்துப் போட்டு மறைத்தார். பிறகு கூண்டைச் சுற்றி நைலான் நரம்பில் செய்த கண்ணிகளை வரிசையாகத் தரையில் அடித்தார். உறையை எடுத்தார். நாங்கள் இருபது முப்பது அடி தள்ளி ஒரு காரைப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் எங்கள் கவுதாரி கத்த ஆரம்பித்தது. கவுதாரி கத்தி நீங்கள் கேட்டிருந்தால் தெரியும், அம்மாம் சின்ன உடம்பிலிருந்தா இந்தச் சத்தம் என்று இருக்கும். மூன்று அசையாகத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி உயர்ந்துகொண்டே போகும். காட்டுக்குள்ளிருந்து ஒரு பதில் வந்தது. இது கத்த, அது கத்த, பதில் கிட்டே கிட்டே வந்தது. கடைசியில் ஒரு சேவல் இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு, காலில் முள் தெரிய, நேராகக் கூண்டைப் பார்த்து ஓடி வந்தது. சண்டைக்குத்தான் வந்தது. மூன்றடி இருக்கும்போது கால் கண்ணியில் மாட்டியது. பின்னாலேயே ஒரு பெட்டை வந்து, சிக்கிய சேவலைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பெரியப்பா எழுந்து ஓடினார். பெட்டை பறந்துவிட்டது. எங்கள் கவுதாரி இன்னும் கத்திக்கொண்டே இருந்தது.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். "பெரியப்பா, இது துரோகிதான?"

"எது?"

"நம்ம கவுதாரி. அதோட ஆளயே கூப்ட்டுக் குடுக்குதே."

அவர் நடந்துகொண்டே சொன்னார். "அது என்னாடா பொய்யா சொல்லுது? இது என் எடம், இங்க வராதங்குது. அது நெசந்தான? கண்ணி வச்சது நான். அத ஏன் திட்டுற?"

அன்றைக்கு ராத்திரி கவுதாரிக் கறி. நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அந்த ருசியை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். கவுதாரியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எங்கள் வீட்டில் சட்டத்தின் பெயரே யாருக்கும் தெரியாது.

பெரியப்பா சொன்ன பதில் ரொம்ப வருஷம் என்னோடு இருந்தது. பிற்பாடு ஒருகாலத்தில் அதையே எனக்கு வேண்டிய மாதிரி திருப்பிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

இந்த மாதிரி வேட்டைக்குப் பழக்கி வைத்திருக்கும் விலங்குக்கும் பறவைக்கும் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு. பார்வை. கண்ணால் பார்க்கிற அதே பார்வைதான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலும் இந்தப் பொருள் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில் இந்தப் பார்வை வருகிறது. முற்றத்தில் ஒரு விளாமரம். அதன் அடியில் பார்வை விலங்கைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மான் என்று உரை சொல்கிறது. கட்டிக் கட்டி மரத்தின் அடி தேய்ந்துபோயிருக்கிறது. அந்த மர நிழலில் பெண்கள் தரையில் பதித்த உரலில் புல்லரிசி குத்திக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் தடவை இதைப் படித்தபோது நான் பாட்டை விட்டுவிட்டுப் பெரியம்மாவை நினைத்தேன். கூண்டுக்குக் கீழேதான் அவர் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைப்பார். கீழே சிந்திய குருணையைப் பொறுக்கிக் கூண்டுக்குள் போடுவார். பார்வை வேட்டைக்காரனின் ஆயுதம். ஆனால் வில், கண்ணி மாதிரி மூலையில் சாத்திவைக்கிற ஆயுதம் இல்லை. அது வீட்டில் ஓர் ஆள். அதற்குப் பசிக்கும், நோய் வரும், நம்மைப் பார்த்தால் கூண்டுக் கம்பியிடம் ஓடி வரும். தேய்ந்த மரம் அதைத்தான் காட்டுகிறது. ஒரு நாளில், ஒரு மாசத்தில் மரம் தேயாது. வேட்டைக்கு ஒரு விலங்கை வைத்துக்கொள்வது என்றால் வருஷக்கணக்கில் அதோடு வாழ்வது.

உலகம் முழுக்க இது நடந்திருக்கிறது. ஐரோப்பாவில் ஃபெரட் என்று ஒரு பிராணி. கீரி மாதிரி நீளமான உடம்பு, இன்னும் ஒல்லி. 2000 வருஷத்துக்கு முன்பே கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஸ்பெயின் பக்கத்தில் முயல் பெருகி வேரையும் விதையையும் தின்று தீர்த்தபோது, இந்தப் பிராணியை வாயைக் கட்டி வளைக்குள் விடுவார்களாம். அது முயலை இழுத்துவரும், அல்லது பயந்த முயல் வெளியே ஓடிவரும். வெளியே ஆட்கள் நிற்பார்கள். பிரிட்டனில் இன்றும் பண்ணைகளில் இந்த வேட்டை உண்டு. வளைவாய் ஒவ்வொன்றிலும் சின்ன வலையைப் போட்டுவிட்டு ஃபெரட்டை உள்ளே அனுப்புகிறார்கள். அது உள்ளேயே முயலைக் கொன்று தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, கழுத்தில் சமிக்ஞை அனுப்பும் பட்டை கட்டுகிறார்கள்.

நம்மூரில் ஃபெரட் வேலைக்கு ஆகாது. நம் காட்டு முயல் வளை தோண்டாது. புல்லுக்குள் உடம்பை அழுத்திப் பள்ளமாக்கிப் படுத்திருக்கும். அதைத் துரத்த நாய்தான் வேண்டும். ஆனால் வளை வேட்டை இங்கேயும் உண்டு. அறுப்பு முடிந்த வயலில் இருளர்கள் எலி பிடிப்பதை எங்கள் பக்கத்தில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். மற்ற ஓட்டைகளை அடைத்துவிட்டு, அடியில் துளையிட்ட பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி, பானை வாயை வளைவாயில் வைத்து, துளையில் ஊதுவார்கள். புகை உள்ளே போகும். பிறகு வெட்டி எலியை எடுப்பார்கள். எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். வளைக்குள் கையை விடும்போது எலிதான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, பாம்பும் இருக்கலாம். எந்த வளையில் எது இருக்கிறது என்று படிக்கும் இந்த அறிவை வைத்துத்தான் வடநெம்மேலியில் 1978இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. ஃபெரட் வைத்திருப்பவர் வேறொரு உயிரை இருட்டுக்குள் அனுப்புகிறார். இருளர் தன் வாயையே வைக்கிறார். புகையில் பாதி அவர் நெஞ்சுக்குள் போகிறது. கை அவருடையது. கொல்வது இரண்டு பேரும்தான். எலிக்கு இந்த வித்தியாசத்தால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஆனால் கொல்கிறவனுக்கு உண்டு. தான் என்ன செய்கிறோம் என்பது இருளருக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. நடுவில் இன்னொரு உயிர் வந்துவிட்டால், "நான் எங்க கொன்னேன்?" என்று கேட்கக் கொஞ்சம் இடம் கிடைத்துவிடுகிறது.

கும்கியையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2019இல் சின்னத்தம்பி யானையைப் பிடித்தபோது இணையத்தில் எழுந்த சத்தம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதைக் கும்கியாக்கிவிடாதீர்கள் என்று எத்தனை பேர் எழுதினார்கள். பிறகு அது கும்கியாகத்தான் பழக்கப்பட்டது. 2023 மார்ச்சில் கோழிகமுத்தி முகாமில் கலீம் என்ற கும்கி ஓய்வுபெற்றபோது வனத்துறையினர் வரிசையில் நின்று மரியாதை செய்தார்கள். 99 நடவடிக்கைகளில் இருந்த யானை. அதுவும் ஒருகாலத்தில் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதுதான். ஊருக்குள் வரும் யானையைச் சுடாமல் காப்பாற்ற இதைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை என்கிறார்கள். அந்த வாதத்தை நான் மறுக்கவில்லை. கும்கி காட்டு யானையைத் தன் பலத்தால் தள்ளிக்கொண்டு வருகிறது. நிற்கிற யானைக்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரியும். ஃபெரட் பயத்தால் துரத்துகிறது. அதுவும் முயலுக்குத் தெரிந்த பயம்தான்.

கவுதாரி இரண்டும் செய்வதில்லை. அது துரத்தாது, தள்ளாது, கூண்டை விட்டு ஒரு அடி நகராது. தன் பாஷையில் ஒரு உண்மையைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த உண்மையைக் கேட்டு வருகிறவன் மாட்டிக்கொள்கிறான். பெரியப்பா சொன்னது சரி, கவுதாரி பொய் சொல்லவில்லை. பொய் அதைச் சுற்றித் தரையில் அடித்திருந்தது. ஒரு உண்மையான குரலை எடுத்து ஒரு பொய்க்கு நடுவில் வைத்துவிட்டால், அந்தப் பொய்யைப் பிறகு யாரும் வாயால் சொல்லவே வேண்டாம்.

*

இப்போது என் கதை.

படிப்பு முடிந்து வேலை இல்லாமல் இருந்த காலத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பணம் போட்டால் மாசாமாசம் வட்டி. பேங்க்காரன் கனவிலும் தராத வட்டி. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போடுவார்கள், டை கட்டியவர்கள் பேசுவார்கள். ஆள் சேர்த்தால் எனக்குக் கமிஷன். முதலில் என் பணத்தையே போட்டேன். மாசம் பிறந்ததும் வட்டி வந்தது. அப்புறம் சொந்தக்காரர்களிடம் போனேன்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. "நானும் போட்டிருக்கேன், மாசாமாசம் வருது, இந்தா பாரு" என்று வங்கிப் புத்தகத்தைக் காட்டுவேன். எல்லாம் உண்மை. கம்பெனி என்னை எடுத்ததே அதற்குத்தான் என்று இப்போது புரிகிறது. டை கட்டியவன் பேச்சைக் கேட்டு எங்கள் ஊர்க்காரர்கள் பத்து ரூபாய் எடுக்க மாட்டார்கள். என் குரலுக்கு எடுப்பார்கள். அது அவர்கள் வீட்டுக் குரல்.

நாலாவது மாசம் என்று நினைவு. கூட்டம் முடிந்து பின்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு மேலே இருந்த ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். "புதுசா ஆள் வந்தாதான் பழசுக்குக் குடுக்க முடியும். இந்த மாசம் கம்மியா இருக்கு, பசங்கள முடுக்கி வுடுங்க." எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்கப்புறம் மூன்று பேரைச் சேர்த்தேன். மூன்றாவது ஆள் என் சின்னம்மா. முந்திரி விற்ற காசு, சீட்டு எடுத்த காசு, எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய். மூன்று மாசம் அவருக்கு வட்டி வந்தது. பிறகு ஆபீஸ் பூட்டியிருந்தது. புகார், விசாரணை, வரிசையில் நின்று மனு கொடுத்தது எல்லாம் நடந்தது. என் பணமும் போனது. அதனால் ஊரில் என்னை யாரும் அடிக்கவில்லை. ஏமாந்தவர்களில் ஒருத்தனாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சின்னம்மாதான் எல்லாரையும்விட அதிகமாக எனக்காகப் பேசினார். "அவன் என்னா பண்ணுவான், பாவம். அவனயே நம்ப வச்சிட்டானுவோ. பொய்யா சொன்னான்? அவனுந்தான போட்டான்?"

பெரியப்பா சொன்ன அதே வாசகம். அது பொய்யா சொல்லுது? கண்ணி வச்சது வேற ஆளு. நான் அந்த வாசகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் தலையைக் குனிந்துகொள்வேன். அது வெட்கம் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு இடம் இடிக்கிறது. கவுதாரிக்குக் கண்ணி தெரியாது. அதன் கண் முன்னால்தான் பெரியப்பா நரம்பை அடித்தார். இருந்தும் அது கண்ணி என்று அதற்குத் தெரிய வழி இல்லை. ஒவ்வொரு காலையும் அதற்கு முதல் காலை. எத்தனை சேவல் மாட்டினாலும் அது அதே மாதிரிதான் கத்தும். அதன் கள்ளமின்மை, தெரிந்துகொள்ள முடியாததால் வந்த கள்ளமின்மை. எனக்குத் தெரிந்துகொள்ள முடியும். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குத் தெரிந்தே இருந்தேன். அதற்குப் பிறகு நான் சொன்ன "மாசாமாசம் வருது" என்பதும் உண்மைதான், சொல்லளவில். ஆனால் அதைச் சொன்னது கூண்டில் இருந்த கவுதாரி இல்லை. புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன்.

இதில் ஒரு எதிர்க்கேள்வி உண்டு. எனக்கே அதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வேலை இல்லாத பையன், மேலே கம்பெனி, நானும் ஒருவகையில் பழக்கப்பட்டவன்தானே? கறையான் போட்டு வளர்த்த மாதிரி எனக்கு மாசாமாசம் கமிஷன் போட்டார்களே? உண்மைதான். என்னைக் கூண்டில் வைத்தவர்கள் என்னைவிடப் பெரிய குற்றவாளிகள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் குற்றம் பெரிதாக இருப்பதால் என்னுடையது இல்லாமல் போகாது. வேலைக்காகப் பேசுகிறவர்கள், விற்பவர்கள், விளம்பரத்துக்காக நம்மிடம் "நான் யூஸ் பண்றேன், நல்லா இருக்கு" என்று நட்பாகச் சொல்கிறவர்கள், எல்லாரும் நாளைக்கு இந்த வாசகத்தைச் சொல்லலாம். நான் பொய் சொல்லலியே. மனுஷனிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உன் குரலைச் சுற்றித் தரையில் என்ன அடித்திருக்கிறது என்று நீ குனிந்து பார்த்தாயா? பார்த்த பிறகும் கத்தினாயா?

பார்வை என்ற சொல் எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. எதையும் பார்க்க முடியாத ஒரு விலங்குக்கு நம் ஆட்கள் ஏன் அந்தப் பெயரை வைத்தார்களோ. பார்க்க முடிந்த நான்தான் அந்தப் பெயருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

*

பெரியப்பாவின் கவுதாரி என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரில் இரண்டு பேரை வனத்துறை பிடித்தது என்று பேச்சு வந்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. ஒருநாள் கூண்டை எடுத்துப்போய் அதே முள்காட்டில் திறந்துவிட்டு வந்தார். சாயந்திரம் அது திண்ணைக்குக் கீழே வந்து நின்றது. மறுநாள் இன்னும் தள்ளிக் கொண்டுபோய் விட்டார். இரண்டு நாள் கழித்து வந்துவிட்டது. வேலி முள்ளில் அடையத் தெரியவில்லை, நாயைக் கண்டால் ஒதுங்கத் தெரியவில்லை. மூன்றாவது ராத்திரி பூனை பிடித்துவிட்டது. காலையில் திண்ணை ஓரத்தில் இறகு கிடந்தது. பெரியப்பா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அந்தப் பீங்கான் கிண்ணத்தை ரொம்ப நாள் அவர் தூக்கி எறியவில்லை.

அவரை நான் கொடுமைக்காரர் என்று எழுத மாட்டேன். ஆனால் அவர் சொன்ன வாசகத்தில் பாதியை நான் அன்று கேட்கவில்லை. "அத ஏன் திட்டுற?" என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. "கண்ணி வச்சது நான்" என்று அவர் சொன்னது காதில் விழவே இல்லை. கவுதாரிமேல் பழி விழாமல் இருக்க அதைத் தன்மேல் எடுத்துக்கொண்டுதான் அவர் பேசினார். நான் அந்த வாசகத்தை எடுத்துக்கொண்டபோது அந்தப் பாதியை விட்டுவிட்டேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சின்னம்மாவிடம் சொன்னேன். டீக்கடையில் கேட்டதையும், அதற்கு அப்புறம்தான் அவர் வீட்டுக்கு வந்தேன் என்பதையும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப தெரிஞ்சேதான் கூப்ட்டியா, தம்பி?"

"ஆமா, சின்னம்மா."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அந்தப் பணத்தை நான் மாசம் 3,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சொல்வதற்கு முன்பே தொடங்கியதுதான். முன்பெல்லாம் கொடுத்தால் வாங்கி அப்படியே இடுப்பில் செருகிக்கொள்வார், "இது எதுக்குடா உனக்கு" என்பார். இப்போது வாங்கியதும் என் முன்னாலேயே ஒருமுறை எண்ணிப் பார்க்கிறார். எண்ணி முடித்துவிட்டு, "சரியா இருக்கு" என்கிறார்.